மருந்துக் கரைசல் தயாரிப்பு: கரைய வைப்பதும் கரைந்தபடி இருக்க வைப்பதும் – படிப்படியான வழிகாட்டி

பார்மசி ஆய்வகத்தில் முதல் முறை கரைசல் தயாரிக்கும் மாணவர்களில் பெரும்பாலானோர் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பீக்கரில் மருந்து கரைந்து தெளிந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். மறுநாள் காலையில் பாட்டிலின் அடியில் மெல்லிய, பளபளக்கும் படிகங்கள் கிடக்கும். பாட்டிலைச் சரியாகக் கழுவவில்லை போலும் என்று தூசியைக் குறை சொல்வார்கள். அது தூசி அல்ல, நேற்று கரைத்த மருந்து.

அந்தப் படிகங்கள் வராமல் இருக்க என்னென்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டாகப் பாரசிட்டமால் நீர்மத்தை எடுத்துக்கொள்கிறேன். 5 மி.லி.யில் 120 மி.கி. மருந்து இருக்கும் பழைய எலிக்சிர் (இனிப்பும் ஆல்கஹாலும் சேர்ந்த தெளிந்த கரைசல்) வகை அது. இங்கே தரும் அளவுகள் ஆய்வகப் பயிற்சிக்கு மட்டுமே. இப்படித் தயாரித்ததை யாருக்கும் குடிக்கக் கொடுக்கக் கூடாது.

1. இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

எவ்வளவு கரையும் என்பது ஒரு கேள்வி. எவ்வளவு வேகமாகக் கரையும் என்பது வேறு கேள்வி. முதலாவது கரைதிறன், இரண்டாவது கரையும் வேகம்.

கலக்குவது, பொடியை நன்றாக அரைப்பது, கரைப்பானின் பிசுபிசுப்பைக் குறைப்பது ஆகியவை வேகத்தை மட்டுமே கூட்டுகின்றன. மருந்தின் வடிவம், கரைப்பான், பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு), வெப்பநிலை, கூடவே கரைந்திருக்கும் பிற பொருட்கள் ஆகியவை கரைதிறனையே மாற்றுகின்றன. வெப்பம் இரண்டையும் தொடுகிறது, குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. கரைதிறன் போதாத இடத்தில் மணிக்கணக்காகக் கலக்கிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 100 மி.லி. தண்ணீர் 1.5 கிராம் மருந்தைத்தான் ஏற்கும் என்றால், நாள் முழுவதும் கலக்கினாலும் 2.4 கிராம் கரையாது. கை வலிதான் மிச்சம்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மருந்தின் கரைதிறன் விவரம் வேண்டும், தண்ணீரில் மட்டுமல்லாமல் எத்தனால், புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் ஆகியவற்றிலும். அதன் பிகேஏ மதிப்பு, அதாவது மருந்தில் பாதி அயனியாகும் (மின்னேற்றம் பெறும்) பிஎச், வேண்டும். எந்தப் பிஎச்சில் அது சிதையாமல் இருக்கும் என்பது தெரிய வேண்டும். கையில் இருக்கும் பொடி உப்பா, தனி அமிலமா, நீரேறிய படிகமா என்பதைப் பொட்டலத்தின் மேலுள்ள சீட்டைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

நாட்டின் அதிகாரபூர்வ மருந்துத் தர நூலான இந்தியன் பார்மகோபியா கரைதிறனைச் சொற்களால் குறிக்கிறது. 'கரையும்' என்றால் ஒரு பங்கு மருந்துக்கு 10 முதல் 30 பங்கு கரைப்பான், 'அரிதாகக் கரையும்' என்றால் 30 முதல் 100 பங்கு, 'சிறிதளவே கரையும்' என்றால் 100 முதல் 1000 பங்கு தேவை. சொல்லைப் படித்துவிட்டு எண்ணை ஊகிக்காதீர்கள். 30 பங்குக்கும் 100 பங்குக்கும் இடையில் மூன்று மடங்குக்கு மேல் வேறுபாடு இருக்கிறது.

கருவிகளாகத் தராசு, கல்வம், சல்லடை, பீக்கர், அளவு ஜாடி, கண்ணாடிக் குச்சி, வெப்பமானி, பிஎச் மீட்டர், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றோடு குளிர்ப்பெட்டியில் கொஞ்சம் இடமும் வேண்டும். அந்தக் கடைசித் தேவையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

3. முதல் கணக்கு: வேண்டியது எவ்வளவு, கிடைப்பது எவ்வளவு

பொடியைத் தொடும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். 5 மி.லி.க்கு 120 மி.கி. என்றால் ஒரு மி.லி.க்கு 24 மி.கி. அறை வெப்பநிலையில் ஒரு மி.லி. தண்ணீர் ஏற்பது சுமார் 14 முதல் 15 மி.கி. பாரசிட்டமால் மட்டுமே. தண்ணீர் மட்டும் போதாது என்பது பீக்கரை எடுக்கும் முன்பே தெரிந்துவிட்டது.

அடுத்து வெப்பநிலையையும் கணக்கில் சேருங்கள். 30 பாகை செல்சியஸில் 17 மி.கி. வரை ஏற்கும் தண்ணீர், 5 பாகையில் ஏறத்தாழ 8 மி.கி. மட்டுமே ஏற்கிறது. கோடையில், மின்விசிறி மட்டும் ஓடும் ஆய்வகத்தில் தெளிவாக இருந்த கரைசல், குளிரூட்டிய அறைக்குப் போனதும் படிகம் விடுவது இதனால்தான். பாட்டில் சந்திக்கப்போகும் மிகக் குளிரான இடம் எதுவோ, அதற்குத்தான் கணக்கு போட வேண்டும். நீங்கள் நிற்கும் அறைக்கு அல்ல.

4. மருந்தின் எந்த வடிவம் என்று பாருங்கள்

ஒரே மருந்து பல வடிவங்களில் வரும். பினோபார்பிட்டோன் ஒரு பங்கு கரைய ஏறத்தாழ 1000 பங்கு தண்ணீர் வேண்டும். அதன் சோடியம் உப்போ சில பங்கு தண்ணீரிலேயே கரைந்துவிடும். உப்புக்குப் பதில் தனி அமிலத்தையோ, தனி அமிலத்துக்குப் பதில் உப்பையோ எடுத்துவிட்டால் கரைதிறன் கணக்கு மட்டுமல்ல, எடைக் கணக்கும் தவறும்.

நீரேறிய படிகமும் நீரற்ற படிகமும் வேறு வேறாக நடந்துகொள்கின்றன. நீரற்ற தியோபிலின் தண்ணீரில் முதலில் கூடுதலாகக் கரையும். பிறகு நீரேறிய வடிவமாக மாறி, ஏறத்தாழ பாதி அளவுக்கு இறங்கி, மிச்சத்தைப் படிகமாக வெளியே தள்ளும். தொடக்கத்தில் தெரியும் கரைதிறனை நம்பிக் கரைசலை வடிவமைத்தால் சில மணி நேரத்தில் ஏமாற்றம்தான்.

படிக அமைப்பு மாறுவதும் இதே சிக்கலைத் தரும். எச்ஐவிக்கான ரிட்டோனாவிர் கேப்சூலுக்குள் மருந்து கரைந்த நிலையில் இருந்தது. 1998இல் அதுவரை தெரியாத, குறைவாகக் கரையும் ஒரு படிக வடிவம் அதில் தோன்றியது. அந்தக் கேப்சூலையே சந்தையிலிருந்து திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

5. பிஎச்சை மாற்றினால் போதுமா?

வலிமை குறைந்த அமிலமாகவோ காரமாகவோ இருக்கும் மருந்துக்குப் பிஎச் பெரிய கருவி. அமில மருந்து காரப் பக்கம் போகப் போக அயனியாகி நன்றாகக் கரையும். கார மருந்துக்கு இதன் எதிர்ப்பக்கம்.

அமில மருந்துக்கான கணக்கு எளிது. வேண்டிய செறிவிலிருந்து அயனியாகாத வடிவத்தின் கரைதிறனைக் கழித்து, மிச்சத்தை அதே கரைதிறனால் வகுத்து, அதன் மடக்கையை (10ஐ அடிமானமாகக் கொண்ட லாக்) பிகேஏவுடன் கூட்டுங்கள். கிடைக்கும் பிஎச்சுக்குக் கீழே போனால் மருந்து வெளியே வந்துவிடும். பினோபார்பிட்டோனின் பிகேஏ 7.4, அயனியாகாத வடிவத்தின் கரைதிறன் மி.லி.க்கு ஏறத்தாழ 1 மி.கி. வேண்டிய செறிவு 10 மி.கி. என்றால் 9இன் மடக்கை 0.95, கூட்டினால் 8.35. அதற்குக் கீழே வீழ்படிவு.

இந்த எண்ணைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. சோடியம் பினோபார்பிட்டோன் கரைசல் தெளிந்த நீர் போல் இருக்கும். சுவைக்காகச் சிட்ரிக் அமிலம் கலந்த ஆரஞ்சு சிரப்பை அதில் ஊற்றினால், ஊற்றிய இடத்திலிருந்து பால் போல் வெண்மை பரவும். ஒரு குழந்தைக்கான மருந்தில் இது நடந்தால், அடியில் தங்கிய மருந்து கடைசி வேளையில் மொத்தமாக வாய்க்குள் போகும். சுவைக்காகச் சேர்க்கும் பொருளின் பிஎச்சையும் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

காற்றும் இதே வேலையைச் செய்யும். தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் டைஆக்சைடு பிஎச்சைக் குறைக்கிறது. ஆகவே இத்தகைய சோடியம் உப்புகளுக்கு, புதிதாகக் கொதிக்க வைத்து, மூடி ஆற வைத்த தண்ணீரைப் பயன்படுத்துங்கள்.

பாரசிட்டமாலுக்கு இந்த வழி உதவாது. அதன் பிகேஏ 9.5. கரைதிறனைப் போதிய அளவு கூட்ட வேண்டுமானால் பிஎச் 9ஐத் தாண்ட வேண்டும். ஆனால் அது நிலைத்திருப்பது பிஎச் 5 முதல் 7 வரைதான். காரத்தில் அது சிதைந்து பாரா அமினோபீனால் என்ற நச்சுப் பொருளைத் தரும். கரைதிறனும் நிலைப்புத் தன்மையும் மோதும் இடத்தில் நிலைப்புத் தன்மைக்கே முதலிடம் கொடுங்கள். கரைய வைக்க வேறு வழி தேடிக்கொள்ளலாம்.

6. துணைக் கரைப்பானைத் தேர்ந்தெடுத்தல்

நம் மருந்துக்கான வழி இதுதான். ஒரு கிராம் பாரசிட்டமாலைக் கரைக்கத் தண்ணீர் என்றால் ஏறத்தாழ 70 மி.லி. வேண்டும். கிளிசரின் 40, புரோப்பிலீன் கிளைக்கால் 9, எத்தனால் 7 மி.லி. போதும். துணைக் கரைப்பான்களான இவற்றைத் தண்ணீரோடு கலந்தால் கலவையின் முனைவுத்தன்மை (மூலக்கூறுகளுக்குள் மின்னேற்றம் பிரிந்திருக்கும் தன்மை) குறைந்து, மருந்துக்கு இடம் கிடைக்கிறது.

இங்கே நடக்கும் ஒரு தவறு மிகப் பரவலானது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். தண்ணீர் 15 மி.கி. ஏற்கிறது, புரோப்பிலீன் கிளைக்கால் 110 மி.கி. ஏற்கிறது, ஆகவே பாதிப் பாதி கலந்தால் இரண்டின் சராசரியாக 62 மி.கி. ஏற்கும் என்று கணக்கிடுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. நேர்கோட்டில் ஏறுவது கரைதிறன் அல்ல, கரைதிறனின் மடக்கை. பாதிப் பாதிக் கலவைக்குத் தோராய மதிப்பு 15ஐயும் 110ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும், அதாவது சுமார் 40.

இந்த வேறுபாடு நம் கரைசலில் என்ன செய்கிறது என்று பாருங்கள். சராசரிக் கணக்குப்படி 24 மி.கி. கரைய 10 சதவீதப் புரோப்பிலீன் கிளைக்கால் போதும். மடக்கைக் கணக்குப்படி 10 சதவீதத்தில் கிடைப்பது 18 மி.கி.தான். 25 சதவீதத்துக்குப் போனால்தான் 24.7 கிடைக்கிறது, அதுவும் விளிம்பில். சற்றே குளிர்ந்தாலும் படிகம் வரும். இந்தக் கணக்கும் தோராயம்தான், ஆய்வகத்தில் சரிபார்த்தே ஆக வேண்டும். ஆனால் எந்தப் பக்கம் பிழை போகும் என்பதை இது சரியாகக் காட்டிவிடுகிறது.

நீர்க்கும்போது படிகம் வருவதற்கும் இதுவே காரணம். டயஸெபாம் ஊசி மருந்தில் புரோப்பிலீன் கிளைக்காலும் எத்தனாலும் இருக்கின்றன. அதில் தண்ணீரைச் சேர்த்தால் மருந்தின் செறிவு பாதியாகும் நேரத்தில், கரைதிறன் பாதிக்கும் கீழே பல மடங்கு சரிகிறது. கலங்கல் வருகிறது.

கரைக்கும் திறனை மட்டும் பார்த்துக் கரைப்பானைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. 1937இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடை டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்றார்கள். மருந்து நன்றாகவே கரைந்தது, நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளின் உயிரைப் பறித்த இருமல் மருந்திலும் அதே நச்சு கண்டறியப்பட்டது. அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், சார்பிட்டால் ஆகியவற்றின் ஒவ்வொரு கலனையும் டைஎத்திலீன் கிளைக்காலுக்கும் எத்திலீன் கிளைக்காலுக்கும் சோதிக்க வேண்டும், வரம்பு 0.10 சதவீதம். தொழில்துறைத் தரக் கரைப்பானை மருந்துக்குத் தொடவே கூடாது. பயிற்சியில்கூடக் கலனின் சீட்டைப் படிக்காமல் மூடியைத் திறக்க விடாதீர்கள். அந்தப் பழக்கம் இங்கேதான் வர வேண்டும்.

7. பொடியைத் தயார் செய்தல்

துகளின் விட்டத்தைப் பாதியாக்கினால் அதே எடைக்கு மேற்பரப்பு இரு மடங்காகும், கரையும் வேகமும் கூடும். ஆகவே கல்வத்தில் அரைத்து, 80 எண் சல்லடையில் சலியுங்கள். கரைதிறன் இதனால் கூடிவிடாது. அது கூட வேண்டுமானால் துகள் ஒரு மைக்ரானுக்கும் கீழே போக வேண்டும், கல்வத்தால் அது முடியாது.

மிக நுண்ணிய பொடி சில நேரம் எதிராகவும் வேலை செய்யும். தண்ணீர் ஒட்டாத மருந்தாக இருந்தால் காற்றைப் பிடித்துக்கொண்டு மேலே மிதக்கும், அல்லது வெளியே நனைந்து உள்ளே உலர்ந்த கட்டியாகும். முதலில் சிறிது கிளிசரினோ புரோப்பிலீன் கிளைக்காலோ விட்டுக் குழைத்து நனைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

8. சேர்க்கும் வரிசை

பயிற்சிக்கு 100 மி.லி. எடுத்துக்கொள்வோம்: பாரசிட்டமால் 2.4 கிராம், 95 சதவீத எத்தனால் 10 மி.லி., புரோப்பிலீன் கிளைக்கால் 10 மி.லி., இன்வெர்ட் சிரப் (குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிந்த சர்க்கரைப் பாகு) 27.5 மி.லி., 100 மி.லி. நிறையும்வரை கிளிசரின். எத்தனாலும் கிளிசரினும் கூடவே இருப்பதால்தான் இங்கே 10 சதவீதப் புரோப்பிலீன் கிளைக்கால் போதுமானதாகிறது.

முதலில் எத்தனாலையும் புரோப்பிலீன் கிளைக்காலையும் கலந்து, அதில் பொடியைப் போடுங்கள். 20 மி.லி.யில் 2.4 கிராம் என்றால் மி.லி.க்கு 120 மி.கி. இந்தக் கலவையின் எல்லைக்கு அது மிக அருகில் இருப்பதால் கடைசிச் சில துகள்கள் பிடிவாதம் பிடிக்கும். பீக்கரை மூடி, 40 பாகைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்துக் கலக்குங்கள். தீயின் அருகில் வேண்டாம், எத்தனால் பற்றிக்கொள்ளும்.

ஒரு துகள்கூட மிச்சம் இல்லை என்று விளக்கின் எதிரே பிடித்துப் பார்த்த பிறகுதான் சிரப்புக்குப் போக வேண்டும். இங்கே அவசரப்பட்டால் மீட்பது கடினம். சிரப் பிசுபிசுப்பானது. அதில் மருந்து மூலக்கூறுகள் மெதுவாகத்தான் நகரும், துகளைச் சுற்றி நிறைவுற்ற நீர்மம் ஓர் உறை போல் தங்கிவிடும். நேரடியாகச் சிரப்பில் பொடியைக் கொட்டிய மாணவர்கள் அன்று வீட்டுக்குத் தாமதமாகத்தான் போகிறார்கள்.

சிரப்பை மருந்து இருக்கும் கலவைக்குள் ஊற்ற வேண்டும், சிறிது சிறிதாக, கலக்கிக்கொண்டே. மருந்துக் கலவையைச் சிரப்புக்குள் ஊற்றக் கூடாது. அப்படிச் செய்தால் முதல் துளி தன் எத்தனாலை இழந்து, தண்ணீர் மிகுந்த சூழலில் சிக்கி, அங்கேயே படிகமாகிவிடும். ஒருமுறை வந்த படிகம் மற்றவற்றுக்கு விதையாகும். பிறகு கிளிசரினை ஏறத்தாழ முழு அளவுக்குச் சேருங்கள்.

எத்தனால் இல்லாத கரைசல்களில் பாதுகாப்புப் பொருளாக மெத்தில் பாராபென், புரோப்பில் பாராபென் போடுவார்கள். தண்ணீர் ஒரு மி.லி.க்கு முறையே 2.5 மி.கி., 0.4 மி.கி. அளவே ஏற்கும். அவற்றையும் புரோப்பிலீன் கிளைக்காலில் முதலில் கரைத்துவிடுங்கள். கடைசியில் தூவினால் மேலே மிதந்துகொண்டே இருக்கும்.

வரிசை எவ்வளவு முக்கியம் என்று காட்ட அயோடின் கரைசலைப் போல் நல்ல பாடம் இல்லை. அயோடின் 5 கிராம், பொட்டாசியம் அயோடைடு 10 கிராம், தண்ணீர் சேர்த்து 100 மி.லி. முழுத் தண்ணீரிலும் இரண்டையும் போட்டால் அயோடின் கருஞ்சில்லுகளாக அடியில் கிடக்கும். வெறும் 10 மி.லி. தண்ணீரில் அயோடைடை மட்டும் போடுங்கள். பீக்கர் கையில் சில்லென்று குளிரும். அது முழுவதும் கரைந்ததும் அயோடினைப் போட்டால், சில்லுகளைச் சுற்றிச் செம்பழுப்புத் திரை சுழன்று, சிறிது நேரத்தில் அத்தனையும் கரைந்துவிடும். அடர்ந்த அயோடைடு இருந்தால்தான், அயோடினும் அயோடைடும் சேர்ந்த, தண்ணீரில் கரையும் டிரைஅயோடைடு வேகமாக உருவாகிறது. பிறகு நீர்த்தாலும் அது வெளியே வராது.

9. சூடாக்கலாமா?

பாரசிட்டமாலுக்கு இளஞ்சூடு நன்மையே, எல்லா மருந்துக்கும் அப்படி அல்ல. சோடியம் குளோரைடின் கரைதிறன் சூட்டில் மிகக் கொஞ்சம்தான் கூடும். கால்சியம் ஹைட்ராக்சைடு சூட்டில் குறைவாகவே கரையும், ஆகவே சுண்ணாம்பு நீருக்குக் குளிர்ந்த தண்ணீர்தான். சோடியம் பைகார்பனேட் சூடானால் வாயுவை இழந்து கார்பனேட்டாகிவிடும். மெத்தில் செல்லுலோஸை வெந்நீரில் பரப்பிவிட்டுக் குளிர வைத்தால்தான் கரையும்.

சூட்டால் கரைய வைத்த கூடுதல் மருந்து ஆறியதும் உள்ளே தங்கியிருக்கலாம். அது மீநிறைவு நிலை. கண்ணாடிக் குச்சியின் ஓர் உரசல், ஒரு தூசு, பாட்டிலின் கீறல் போதும், படிகம் கொட்டத் தொடங்கும்.

10. அளவு நிறைவும் வடிகட்டலும்

அறை வெப்பநிலைக்கு ஆறிய பிறகே 100 மி.லி. கோட்டுக்கு நிறைக்க வேண்டும். சூட்டில் விரிந்த நீர்மம் ஆறினால் சுருங்கும். எத்தனாலும் தண்ணீரும் கலந்தாலும் சுருக்கம் வரும். 50 மி.லி.யும் 50 மி.லி.யும் சேர்ந்து 100 ஆவதில்லை, ஏறத்தாழ 96 தான். ஆகவே தனித்தனியாக அளந்து கூட்டி 100 என்று முடிவு கட்டாதீர்கள். பிசுபிசுப்பான கிளிசரின் ஜாடியின் சுவரில் ஒட்டும், வடிய நேரம் கொடுங்கள்.

கரையாத மருந்தை வடிகட்டி எறிந்துவிட்டுத் தெளிந்த நீர்மத்தைக் காட்டுவது இந்த வேலையில் மிகப் பெரிய தவறு. பார்வைக்கு அழகாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு வேளையிலும் நோயாளிக்கு மருந்து குறையும். வடிகட்டல் நாருக்கும் தூசிக்கும் மட்டுமே.

11. குளிரில் வைத்துச் சோதித்தல்

கரைசலின் ஒரு பகுதியை 2 முதல் 8 பாகைக் குளிர்ப்பெட்டியில் இரண்டு நாள் வையுங்கள். அதோடு, வேறொரு சிறு குப்பியில் அதே கரைசலை எடுத்து, மருந்தின் ஒரே ஒரு சிறு படிகத்தைப் போட்டுப் பாருங்கள். படிகம் மறைந்தால் இன்னும் இடம் இருக்கிறது. அப்படியே கிடந்தால் நிறைவுற்றுவிட்டது. வளர்ந்தால் அது மீநிறைவு, அந்தக் கரைசலை நம்ப முடியாது.

குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்ததில் படிகம் தெரிந்தால், உடனே சூடாக்கி மறைத்துவிடாதீர்கள். வடித்து எடுத்துச் சிறிது குளிர்ந்த தண்ணீரில் அலசி உலர்த்தி, உருகுநிலையைப் பாருங்கள். 170 பாகையை ஒட்டி உருகினால் அது பாரசிட்டமால், துணைக் கரைப்பான் கணக்கைத் திருத்த வேண்டும், மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். பாராபென் சேர்த்த கரைசலில் 125 பாகையை ஒட்டி உருகினால் மெத்தில் பாராபென் வெளியேறியிருக்கிறது என்று பொருள். உருகாமல் கருகும் நாராக இருந்தால் வடிதாளையும் பாட்டிலையும் மாற்றுங்கள்.